மெடிக்கல் போர்டுக்கு முந்தின பௌர்ணமி

பஸ் ஓட்டுகிறவன் தன் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கீழ்பென்னாத்தூர் ஸ்டாப்பிங் வருவதற்குச் சற்று முன்னால், தலையில் வேர்க்கடலை மூட்டையோடு ஒரு அம்மா ரோட்டைக் கடந்தார். பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். வலது பாதம் பிரேக்கின் மேல் இருக்கிறதா, ஆக்சிலேட்டரின் மேல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன், ஒரு கையால் தொடையைப் பிடித்து அழுத்தினேன். வண்டி நின்றபோது அந்த அம்மா பம்பருக்குக் கையெட்டும் தூரத்தில் உறைந்துபோய் நின்றார். மூட்டை ரோட்டில் கிடந்தது. பிறகு அவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அத்தனையும் எனக்கு வேண்டியதுதான்.

கண்டக்டர் சின்ன வயசுக்காரர். இறங்கி வந்து, "இன்னாணா, தூங்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். கால் மரத்துப் போச்சு என்றேன். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, வண்டியைச் சுற்றி நாலு தடவை நடந்தேன். கால் திரும்பி வந்தது. ஒன்றுமே நடக்காதது போல வந்தது. அங்கிருந்து ஊர் வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். பின்னால் இருந்தவர்கள் மாட்டு வண்டியா ஓட்டுற என்று கத்தினார்கள்.

என் காலின் குணம் இதுதான். உட்கார்ந்து ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. முதலில் இடுப்பில் பிடிக்கும், பிறகு பின்தொடையில் ஒரு கம்பி இழுக்கும், கடைசியில் பாதம் காணாமல் போகும். எழுந்து நடந்தால் சரியாகிவிடும். அப்படிச் சரியாகிவிடுவதுதான் என்னைக் கொன்றது. எந்த டாக்டரிடம் காட்டுவதென்றாலும் வரிசையில் நின்று, நடந்து, அறைக்குள் போய்ச் சேர்வதற்குள் கால் நல்ல பிள்ளையாகிவிடும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் துள்ளும். தூக்கு என்றால் தூக்கும். என்னைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே பிறந்த கால்.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருக்கிறது, உங்கள் வயதில் பலருக்கும் இருப்பதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த 'லேசாக' என்ற ஒரு வார்த்தையை டிப்போவில் பிடித்துக்கொண்டார்கள். நான் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கை மட்டும் கொடுக்காதீர்கள், டைம் ஆபீசோ டீசல் பங்க்கோ, கூட்டிப் பெருக்குகிற வேலையோ எதுவானாலும் கொடுங்கள் என்றேன். லைட் டூட்டி என்று அதற்குப் பெயர். மேனேஜர் கெட்டவர் இல்லை. முதுகு வலி என்று வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்துவிட்டது. ஒன்று வண்டியை எடு, இல்லையென்றால் உன்னால் ஓட்ட முடியாது என்று மெடிக்கல் போர்டில் எழுதி வாங்கி வா என்று சொல்லிவிட்டார். இருந்த லீவெல்லாம் தீர்ந்து, சம்பளம் இல்லாத லீவில் போய் உட்கார்ந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கும். அந்த அம்மாவை நான் அடித்திருந்தால் அன்றைக்கே நம்பியிருப்பார்கள். போலீஸ் நம்பும், டிப்போ நம்பும், பேப்பர்காரன் நம்புவான். அடிக்காமல் நிறுத்தியதால் என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரு பிணம் விழுந்தால்தான் என் கால் மரத்துப் போகிறது என்பது நிஜமாகுமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். சுவர் என்ன சொல்லும்.

டிப்போ ஆட்கள் யோசனை சொல்ல வந்தார்கள். பெல்ட் கட்டிக்கொண்டு போ, கையில் ஒரு தடி வைத்துக்கொள், நாற்காலியிலிருந்து எழும்போது அம்மா என்று ஒரு சத்தம் விடு, ரெண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போகட்டும். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இருந்தாலும், ஒரு நாள் மதியம் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நொண்டிப் பார்த்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டுப்போனது வலது காலுங்க. நீங்க இடது கால நொண்டுறீங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதோடு நடிப்பை விட்டுவிட்டேன். எனக்கு அந்தத் தொழில் வராது.

போர்டுக்குத் தேதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் பௌர்ணமி. என் மனைவி மலையைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டுவிட்டாள், நானும் கூட வர வேண்டுமாம். இந்த ஊரில் பிறந்தவனுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பரீட்சை என்றாலும், பெண்ணுக்கு வரன் என்றாலும், கோர்ட் கேஸ் என்றாலும் மலையைச் சுற்றுவோம். மெடிக்கல் போர்டுக்கும் சுற்றினோம். நடக்க முடியாதவன் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை, உட்கார முடியாதவன் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த வித்தியாசம் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் கிளம்பினோம், செருப்பு இல்லாமல். நடக்க நடக்க இடுப்பு இளகியது. அஷ்ட லிங்கங்களில் ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக்கொண்டு போகிறோம், கால் ஒரு இடத்திலும் மக்கர் பண்ணவில்லை. கூட்டத்தில் என்னைவிடச் சின்னவர்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இவ்வளவு தூரம் நடக்கிற கால் பிரேக்கில் மட்டும் எப்படிச் சாகும்? எல்லாரும் சொல்வதுதான் சரியோ, மனசுதான் கெட்டுப் போயிருக்கிறதோ என்று அங்கேதான் முதல் முறையாக எனக்கே சந்தேகம் வந்தது.

அடி அண்ணாமலையில் டீ குடிக்க நின்றோம். என்ன வேண்டிக்கொண்டாய் என்று அவளைக் கேட்டேன். "வேற இன்னா வேண்டுவாங்க. கால் நல்லாயிடணும்னுதான்" என்றாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. இன்னும் இரண்டு நாளில் போர்டு இருக்கிறது, இப்போது போய்க் காலை நல்லாக்கு என்று கேட்டிருக்கிறாயே, நல்லாகிவிட்டால் நான் எதைக் காட்டுவேன், போர்டு முடிந்த பிறகு நல்லாக்கு என்று கேட்கக் கூடாதா என்று டீக்கடைக்கு முன்னால் நின்று கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் க்ளாசைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க இன்னாதான் வேண்டிக்கினீங்க?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. போர்டு முடிகிற வரைக்கும் இந்தக் காலைத் திருத்திவிடாதே என்று நான் ஒவ்வொரு லிங்கத்திலும் வேண்டிக்கொண்டு வந்திருந்தேன்.

பௌர்ணமி என்றால் எங்கள் டிப்போவில் யாருக்கும் லீவு கிடையாது. எல்லா ஊரிலிருந்தும் ஸ்பெஷல் வண்டிகள் வரும், ஒவ்வொரு டிரைவரும் டபுள் டூட்டி பார்ப்பான், ஒன்றுக்குப் போகக்கூட நேரம் இருக்காது. இத்தனை வருஷம் அந்த நாளில் நானும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் திட்டியவன்தான். அப்படிப்பட்ட நாளில், முதுகு வலி என்று வீட்டில் இருக்கிற டிரைவர், நெற்றி நிறைய விபூதியோடு காஞ்சி ரோடு சேரும் இடத்தில் வெறுங்காலோடு விறுவிறு என்று நடந்து போகிறான். அங்கே திருப்பி நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து எங்கள் ஆள் ஒருவர் போட்டோ எடுத்து டிப்போவின் வாட்ஸப்பில் போட்டுவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய சீட்டில் நான் இருந்திருந்தால் எனக்கும் வயிறு எரிந்திருக்கும்.

காலையில் எழுந்து போனைப் பார்த்தபோது அந்தப் போட்டோவுக்குக் கீழே கும்பிடுகிற கைகளும் சிரிக்கிற மூஞ்சிகளுமாக நிறைந்து கிடந்தன. அண்ணாமலையார் அருளால் முதுகு குணமானது என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். என் மனைவி அழுதாள், எல்லாம் தன்னால்தான் என்றாள். சாமி கும்பிடப் போனது தப்பா என்று கேட்டாள்.

போர்டில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பெரியவர், அவர்தான் தலைமை. ஓரத்தில் இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. மூன்றாமவர் கடைசி வரை வாய் திறக்கவில்லை. டிப்போவிலிருந்து ஒரு கிளார்க் வந்திருந்தார். பெரிய டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இதில் ஒன்றும் இல்லையே என்றார். காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். குதிகாலில் நடக்கச் சொன்னார், நடந்தேன். என் கால் எப்போதும் போல நன்றாகவே நடந்துகொண்டது. அதற்கப்புறம் கிளார்க் மரியாதையாக எழுந்து நின்று, போனில் அந்தப் போட்டோவைக் காட்டினார்.

பெரியவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மலையச் சுத்தினீங்களா?"

"சுத்தினேன் சார்."

"முழுசா?"

"முழுசா. நீங்க என்னை நம்பணும்னு வேண்டிக்கிட்டுதான் சார் சுத்தினேன்" என்றேன். சொல்லும்போதே எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. கிளார்க்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் பேனாவைத் திறந்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நாளைக் காலையில் கையில் ஒரு வண்டியைக் கொடுப்பார்கள், அதில் அறுபது பேர் ஏறி உட்காருவார்கள், எனக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அப்போதுதான் டாக்டரம்மா பேசினார். அதுவரை என்னைக் கேட்டவர்கள் எல்லாரும் எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டார்கள். அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். ஒரு டிரிப்பில் எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள், நடுவில் எங்கே இறங்குவீர்கள், பிரேக் போடும்போது முழங்கால் எவ்வளவு மடங்கும், கிளட்ச் எவ்வளவு கனம், எந்த இடம் வரும்போது மரத்துப் போகிறது. நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டவும் இல்லை, பாவம் பார்க்கவும் இல்லை. அந்தப் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரியவரிடம் சொன்னார்: "சார், இந்த மாதிரி நரம்பு நசுங்கினவங்களுக்கு உக்காந்தாதான் ஜாஸ்தியாகும், நடந்தா கம்மியாகும். நாமே நடங்கன்னுதான் சொல்றோம். அதனால இந்தப் போட்டோவ வெச்சு இவர் பொய் சொல்றார்னு சொல்ல முடியாது."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "ஆனா நீங்க சொல்றது உண்மைன்னும் இதுல இல்லைங்க. ஸ்கேன்லயும் இல்ல. வலியே இல்லாதவங்களுக்கும் இந்த ஸ்கேன் இப்படித்தான் இருக்கும். நான் உங்கள நம்புறேனா இல்லையாங்கறது இங்க பேச்சே இல்ல. எந்த வேலைல கால் போகுதோ அந்த வேலைல வெச்சுப் பாக்கணும். உக்காருங்க, பாத்துடலாம்."

அடுத்த அறையில் ஒரு இரும்பு நாற்காலி போட்டார்கள். எதிரில் இரண்டு செங்கல்லை வைத்து அதன் மேல் ஒரு பலகையைச் சாய்த்தார்கள். பிரேக்கில் வைக்கிற மாதிரி வலது காலை அதில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், எழுந்திருக்கக் கூடாது, நாங்கள் மற்ற ஆட்களைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார் டாக்டரம்மா. காவலுக்கு ஒரு நர்ஸை உட்கார வைத்துவிட்டுப் போனார். என் மனைவி வெளியே வராந்தாவில் இருந்தாள். நான் பலகையை மிதித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

அங்கே கடிகாரம் இல்லை. அதனால் நான் மனசுக்குள் வண்டியை எடுத்தேன். திண்டிவனத்தில் டீ குடித்துவிட்டு ஏறினேன். பாலத்தைத் தாண்டி வலப்பக்கம் ஒரு கல்யாண மண்டபம், பிறகு வளைவு, பிறகு ஏரிக்கரை. ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் நின்றேன், ஆளை இறக்கினேன், விசில் கேட்டு எடுத்தேன். செஞ்சி மலைகள் தெரிந்தன. வழக்கமாக இந்த இடத்தில் தொடையில் கம்பி இழுக்க ஆரம்பிக்கும். இழுக்கவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குள் போய்த் திரும்பினேன். கால் பலகையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. விரலை ஆட்டிப் பார்த்தேன், ஐந்தும் ஆடின. எனக்கு வியர்த்துக் கொட்டியது. நர்ஸ் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அந்த நேரத்தில் நான் எப்படி இருந்தேன் என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. என் சொந்தக் காலையே பார்த்து, செத்துப் போ, செத்துப் போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாமியையும் விடவில்லை. மனைவி கேட்டதைக் கொடுத்துவிட்டாயா, இன்றைக்கே கொடுக்க வேண்டுமா, இத்தனை மாசம் எங்கே போயிருந்தாய் என்று சண்டை போட்டேன். பெரிய டாக்டர் கதவருகில் வந்து, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, போதுமே என்றார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் சார் என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டது. அந்தக் கொஞ்சத்தில் என் மிச்ச ஆயுசு இருந்தது.

செஞ்சியைத் தாண்டிப் பாதி வழி வந்திருப்பேன். இடுப்பில் பிடித்தது. பிறகு பின்தொடையில் அந்தக் கம்பி. வா, வா என்று அதைக் கூப்பிட்டேன். கெண்டைக் காலின் வெளிப்பக்கம் தடித்தது, புறங்கால் தடித்தது. பெருவிரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியவில்லை. கீழ்பென்னாத்தூருக்குள் வண்டி நுழைந்தபோது பாதம் இல்லை. நான் நர்ஸிடம், அவங்களக் கூப்பிடுங்கம்மா என்றேன். என் குரல் எனக்கே கல்யாண வீட்டுக் குரலாகக் கேட்டது.

டாக்டரம்மா குனிந்து, என் பெருவிரலின் மேல் தன் விரலை வைத்தார். "மேல தூக்குங்க. முழு பலத்தோட. விட்டுக் குடுக்காதீங்க, குடுத்தா எனக்குத் தெரியும்." நான் தூக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, நாற்காலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். தோற்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்டுக்கொண்டு இவ்வளவு பலமாக நான் எதையும் தூக்கியதில்லை. அவருடைய ஒற்றை விரல் என் பெருவிரலைக் கீழே தள்ளிவிட்டது. இடது காலில் பார்த்தார், அவர் தள்ளியும் அந்த விரல் இறங்கவில்லை. மறுபடி வலது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இன்னொரு தடவை. ஊசி முனையால் குத்தி, எங்கே குத்துகிறேன் என்று கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குதிகாலில் நடக்கச் சொன்னார்கள். காலையில் நன்றாக நடந்த அதே பாதம் தரையில் பொத்தென்று விழுந்தது.

பெரிய டாக்டர் தானே வந்து என் விரலைப் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, "எழுதிடுங்கம்மா. வண்டி ஓட்டக் கூடாது. நின்னு நடந்து பாக்கற வேலை குடுக்கலாம்" என்றார். கிளார்க் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா என்னிடம், நரம்பு ரொம்ப நாளாக நசுங்கியிருக்கிறது, சீக்கிரம் ஒரு சர்ஜனைப் பாருங்கள், ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். நான் அதற்கும் தலையை ஆட்டி, நன்றி மேடம், நன்றி மேடம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வராந்தாவுக்கு வந்தேன். என் மனைவி எழுந்து நின்றாள். எனக்கு வாயெல்லாம் பல். "குடுத்துட்டாங்க. வண்டி எடுக்கத் தேவையில்ல. நான் சொன்னது பொய் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் நடந்து வந்த விதத்தைப் பார்த்திருக்கிறாள். என் முகத்தை விட்டுவிட்டுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கால் நெஜமாவே போயிடுச்சாங்க?"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நடந்தால் திரும்பி வந்துவிடுகிற கால், வராந்தா முழுக்க நடந்தும் அன்று வரவில்லை. அதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, அவ்வளவு பேருக்கு முன்னால் என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியல" என்றேன்.

இன்னும் பலமாகத் தேய்த்தாள். அவள் கை என் கால் மேல் இருப்பதை நான் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.